தொடர் மீயொலித் துடிப்புகளில் கொழுமிய உறை நுண்குமிழிகளின் நடத்தை

முன்னுரை

புதுச்சேரி ஜிப்மர் முதலான கற்பித்தல் மருத்துவமனைகளில் மீயொலி கொண்டு இதயத்தை ஆராய்வது அன்றாட நடைமுறை. இதய அறையின் எல்லை தெளிவாகத் தெரியாத நிலையில், சிரைவழி நுண்குமிழிகளைச் செலுத்திப் படத்தைத் தெளிவாக்கும் முறை மருத்துவத்தில் உள்ளது. வாயு எளிதில் அமுங்கி விரிவதால், சிவப்பணுக்களைவிடப் பன்மடங்கு வலிய எதிரொலியை இக்குமிழிகள் தருகின்றன. ஆயினும் ஒரு குமிழியின் எதிரொலி, அது அப்போது பெறும் துடிப்பை மட்டுமன்றி முன்பு பெற்ற துடிப்புகளையும் சார்ந்தது. அதனை இக்கட்டுரை விளக்குகிறது.

உறையின் பணி

நுண்குமிழியின் விட்டம் பொதுவாக 1 முதல் 10 மைக்ரோமீட்டர். 1 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள உறையற்ற குமிழியில், நீரின் பரப்பு இழுவிசை மட்டுமே ஏறத்தாழ 1.4 வளிமண்டல அளவு கூடுதல் அழுத்தத்தை உண்டாக்கும். எனவே வாயு விரைவில் கரைந்துவிடும். பாஸ்போலிப்பிட் மூலக்கூறுகளாலான ஓரடுக்கு உறை இந்த இழுவிசையைத் தணிக்கிறது. சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு போன்ற நீரில் அரிதாகக் கரையும் வாயு கரைதலை மேலும் தாமதப்படுத்துகிறது.

துடிப்புதோறும் நிகழும் மாற்றம்

அழுத்தக் கட்டத்தில் குமிழி சுருங்க, உறையின் மூலக்கூறுகள் நெருங்கி மடிகின்றன. விரிவுக் கட்டத்தில் உறை இழுபட்டு, வீச்சு மிகுந்தால் கிழிகிறது. இவ்விரு எல்லைகளையும் இணைத்து மார்மோத்தான் குழுவினர் 2005இல் வெளியிட்ட மாதிரி இத்துறையில் பரவலாகப் பயன்படுகிறது.

சுருக்கம் மிகும்போது மடிந்த கொழுமியத்தின் ஒரு பகுதி உறையிலிருந்து உதிர்கிறது. வாயுவும் சிறிது வெளியேறுகிறது. துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் எஞ்சிய மூலக்கூறுகள் சிறுத்த பரப்பை மீண்டும் மூடுகின்றன. அடுத்த துடிப்பு சந்திப்பது முந்தைய குமிழியை அன்று. அதனினும் சிறிய வேறொரு குமிழியை. கொழுப்பு அமிலச் சங்கிலி நீண்ட உறை இறுக்கமாக அடுக்கப்பட்டு வாயுக் கசிவை மட்டுப்படுத்துகிறது.

ஆரம் குறையக் குறைய ஒத்ததிர்வெண் உயரும். ஆகவே தொடக்கத்தில் ஒத்ததிர்வு அளவைவிடப் பெரிதாக இருந்த குமிழி, சுருங்கும் வழியில் அந்த அளவை அடைந்து, எதிரொலி சற்றே வலுப்பெற்றுப் பின் மங்கவும் கூடும். எதிரொலி எப்போதும் சீராகக் குறையும் எனக் கொள்வது பொருந்தாது.

அளவீட்டில் விளைவு

வலிய துடிப்பால் குமிழிகளை அழித்து, அவை இரத்தத்துடன் மீண்டும் நிரம்பும் வேகத்தைக் கொண்டு இதயத் தசையின் இரத்த ஓட்டத்தை மதிப்பிடும் முறை 1998இல் முன்வைக்கப்பட்டது. நிரம்புதலைக் கண்காணிக்கும் மெல்லிய துடிப்புகளும் குமிழிகளைச் சிறிது சிறிதாக அழித்தால், எளிய கணக்கின்படி இருவகைப் பிழை நேரும்: நிரம்பிய நிலையின் ஒளிர்வு குறைந்து இரத்தக் கொள்ளளவு குறைவாகவும், நிரம்பும் வேகம் உண்மையினும் மிகுதியாகவும் தோன்றும். நலமான தசைப்பகுதி இரத்தம் குறைந்ததாகக் கருதப்பட இது இடமளிக்கும்.

இதனாலேயே எதிர்மறை உச்ச அழுத்தத்தை (மெகாபாஸ்கல்) அதிர்வெண்ணின் (மெகாஹெர்ட்ஸ்) வர்க்கமூலத்தால் வகுத்துப் பெறும் இயந்திரக் குறியெண் தாழ்வாக வைக்கப்படுகிறது. 2 மெகாஹெர்ட்ஸில் 0.14 மெகாபாஸ்கல் எனில் அது ஏறத்தாழ 0.1 ஆகும்.

முடிவுரை

இயந்திரக் குறியெண் ஒற்றைத் துடிப்பின் வலிமையை மட்டுமே உரைக்கும். துடிப்புகளின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் உரைக்காது. ஆகவே நுண்குமிழி ஆய்வு முடிவுகளை ஒப்பிடுவோர் குறியெண்ணுடன் துடிப்பின் நீளம், மீள்வீதம், உறையின் வேதியமைப்பு ஆகியவற்றையும் சேர்த்துப் பதிவு செய்தல் இன்றியமையாதது.