உங்களுக்குத் தெரியுமா? நாவல் பிறந்த கதை

● துப்பறியும் நாவல் ஒன்று நிஜமாகவே ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. 1977-ல் கத்தாரிலிருந்து ஒன்றரை வயதுக் குழந்தையை லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். என்ன நோயென்று மருத்துவர்களுக்குப் பிடிபடவில்லை. அங்கே பணியிலிருந்த நர்ஸ் ஒருவர் அகதா கிறிஸ்டியின் ‘தி பேல் ஹார்ஸ்’ நாவலைப் படித்துக்கொண்டிருந்தார். கதையில் தாலியம் என்ற விஷம் உடலில் ஏறியவர்களுக்குத் தலைமுடி கொட்டும். குழந்தைக்கும் முடி கொட்டுவதைப் பார்த்துவிட்டு, இது தாலியமாக இருக்கலாம் என்றார். சோதித்தார்கள், தாலியமேதான். குழந்தை பிழைத்துக்கொண்டது.

● கிறிஸ்டிக்கு விஷம் அத்துப்படியானது மருந்து கலந்து கொடுத்த வேலையில். முதல் உலகப் போரின்போது தன் சொந்த ஊரான டார்க்கீ மருத்துவமனையின் மருந்தகத்தில் இருந்தார். 1920-ல் வெளிவந்த முதல் நாவலிலேயே ஸ்ட்ரிக்னின் விஷம் வந்துவிட்டது. ‘தி பேல் ஹார்ஸ்’ (1961) எனக்குப் பிடித்ததற்குக் காரணம் கொலையாளி யார் என்ற முடிச்சு அல்ல. சூனியத்தால் சாகிறார்கள் என்று எல்லோரும் நடுங்கும்போது, அந்தப் பயத்தை ரசாயனத்தால் அவிழ்த்துப்போடுகிறாரே, அந்தத் துணிவுதான். நம் ஊர் மாந்திரீகக் கதைகளை விரும்பிப் படிப்பவர்கள் இதையும் அவசியம் படிக்க வேண்டும்.

● 1815-ல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசி வானில் படர்ந்து, அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் மழையில் அடைபட்டுக் கிடந்த நண்பர்களிடம் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் கவிஞர் பைரன். அப்போது 18 வயதான மேரி ஷெல்லி தொடங்கியதுதான் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’. பயமுறுத்தும் என்று எண்ணித்தான் எடுத்தேன். ஒரு குடிசையின் ஓரம் ஒளிந்திருந்து, உள்ளே வாழும் குடும்பத்தைப் பார்த்துப் பார்த்தே பேசக் கற்றுக்கொள்ளும் அந்த உருவத்தின் மேல் எனக்கு இரக்கம்தான் பொங்கியது. அதைப் படைத்துவிட்டு ஓடிய விஞ்ஞானி விக்டர் மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

● ரே பிராட்பரி ‘ஃபாரன்ஹீட் 451’-ன் முதல் வடிவத்தைக் காசு போட்டால் இயங்கும் வாடகைத் தட்டச்சுப் பொறியில் அடித்தார். அரை மணி நேரத்துக்குப் பத்து சென்ட். மொத்தச் செலவு 9 டாலர் 80 சென்ட். புத்தகங்களை எரிக்கும் உலகத்தைப் பற்றிய கதை. எழுதிய இடமோ லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளம்!

● மெக்சிகோவின் ஹுவான் ருல்ஃபோ டயர் கம்பெனி விற்பனையாளராக ஊர் ஊராகச் சுற்றியவர். 1955-ல் வந்த அவருடைய ‘பெத்ரோ பாராமோ’ கையடக்கமான நாவல். அதை மனப்பாடமாகச் சொல்லும் அளவுக்குப் படித்தவர் கார்சியா மார்க்கேஸ். தகப்பனைத் தேடி மகன் வந்துசேரும் ஊரில் பேசுகிறவர்கள் எல்லாம் செத்தவர்கள். யார் பேசுகிறார், எப்போது பேசுகிறார் என்று குழம்பத்தான் செய்யும். குழம்பினாலும் நிறுத்தாமல் போய்விட வேண்டும்.

● 1956-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற வங்க நாவல் தாராசங்கர் பானர்ஜியின் ‘ஆரோக்ய நிகேதனம்’. தமிழில் தந்தவர் த.நா. குமாரசாமி. அண்மையில் படித்தவற்றில் என்னை அதிகம் உலுக்கியது இதுதான். ஜீவன் மஷாய் என்ற கிராமத்து வைத்தியர், நாடி பிடித்தே சாவு வரும் காலத்தைச் சொல்லிவிடுவார். பெற்ற மகனின் நாடியிலும் அதைப் படிக்க நேர்கிறது. ஊருக்குப் புதிதாக வரும் இளம் டாக்டருக்கோ, சாகப்போகிறாய் என்று நோயாளியின் முகத்துக்கு நேரே சொல்வது கொடுமை. அறிவு டாக்டர் பக்கம்தான் நிற்கிறது, புது மருந்துகள் பிழைக்க வைக்கின்றனவே! ஆனாலும் மனசு கிழவரின் திண்ணையை விட்டு எழுந்திருக்க மறுக்கிறது. தாராசங்கர் இருவரில் ஒருவரையும் தோற்கடிக்கவில்லை. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இந்நாவலைப் பற்றிப் பேசிப் பாருங்கள், பேச்சு எளிதில் ஓயாது.

● விபூதிபூஷண் பந்தோபாத்யாய பாகல்பூர்ப் பக்கம் ஒரு காட்டு எஸ்டேட்டில் உதவி மேனேஜராக இருந்தவர். அந்த அனுபவம் ‘ஆரண்யக்’ நாவலானது. த.நா. சேனாபதி தமிழில் ‘வனவாசி’ ஆக்கினார். காட்டை நேசிக்கும் கதாநாயகனின் உத்தியோகமே அதை வெட்டிக் குடியானவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான். அதே காட்டில் யுகலபிரசாத் என்றொருவன், யாரும் கேட்காமலே எங்கெங்கிருந்தோ பூச்செடிகளைக் கொண்டுவந்து ஏரிக்கரையில் நட்டு வைக்கிறான். சம்பளம் இல்லை, பார்க்க ஆளும் இல்லை. அவன் வரும் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சத்யஜித் ரே படமாக்கிய ‘பதேர் பாஞ்சாலி’யை எழுதியவரும் விபூதிபூஷண்தான். படத்தைப் பற்றி அறிந்தவர்களில் பலர் ‘வனவாசி’யைக் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.