இரும்பில் எழுதிய தேதி

பழைய அமெரிக்க மசில் கார்களின் படங்களைச் சேர்த்துவைக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "இத்தனை வருஷம் ஓடிய காரில் இருப்பது அதனோடு பிறந்த இன்ஜின்தான் என்று எப்படிச் சொல்கிறார்கள்?"

இன்ஜினே சொல்லும். 1969 செவர்லே கமாரோ இசட்/28ஐப் பாருங்கள். அந்த ஆண்டு 20,302 வண்டிகள் வந்தன. இன்ஜின் பிளாக்கின் பின்விளிம்பில், வார்க்கும்போதே புடைத்து நிற்கும்படி, உதாரணமாக, 'சி 6 9' என்று இருக்கும். சி மூன்றாம் எழுத்து, அதனால் மார்ச், 6 தேதி, 9 ஆண்டின் கடைசி இலக்கம். முன்பக்கம், வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் உள்ள சிறு தளத்தில் 'வி0315டிஇசட்' என்று குத்தியிருக்கும். வி ஃபிளின்ட் தொழிற்சாலை. 0315 இன்ஜினைப் பூட்டிய மார்ச் 15. டிஇசட் இசட்/28க்கான 302 கன அங்குல இன்ஜின். முதலில் வார்ப்பு, பிறகு பூட்டல், கடைசியில் கார். டிஸ்ட்ரிபியூட்டரும் கார்பரேட்டரும் இந்த வரிசைக்குள் அடங்க வேண்டும். காருக்குப் பிந்திய தேதி இருந்தால், அந்த உறுப்பு பிறகு வந்து சேர்ந்தது.

எனக்குப் பிடித்தது எழுத்துக்கு அடியில் ஓடும் கோடுகள். ஹெட் உட்காரும் முகத்தையும் அந்தச் சிறு தளத்தையும் சேர்த்தே புரோச் என்ற பல்வரிசைக் கருவி நீளவாக்கில் சீவிவிடும். அந்த மெல்லிய இணைகோடுகளின் மேல்தான் எண்ணைக் குத்துவார்கள். எண்ணை மாற்ற நினைப்பவர் பழையதைத் தேய்த்தாக வேண்டும்; கோடுகளும் சேர்ந்தே போய்விடும். ஆனால் ரிப்பேருக்காகப் பட்டறையில் முகத்தை மட்டப்படுத்தினாலும் அவை அழியும். கோடு இல்லை என்பதற்காக யாரையும் திருடன் என்றுவிட முடியாது.

எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று: அம்மாவின் சீர்க்குடத்தில் பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருந்தது. புளி போட்டுத் துலக்கித் துலக்கி எழுத்து மங்கிப்போனது. பாலிஷ் போட்டுப் புதிதாக வெட்டித் தருவதாகப் பாத்திரக்கடைக்காரர் சொன்னார். அம்மா குடத்தைக் கொடுக்கவே இல்லை.

இன்ஜின் மாறியது குற்றமில்லை. பந்தயத்தில் உடைந்துபோய் வேறு இன்ஜின் ஏறிய வண்டிகள் ஏராளம். அதைச் சொல்லியே விற்கலாம். விலைக்காக எண்ணைப் புதிதாகக் குத்துவதுதான் மோசடி. அதைவிட வருத்தம், அழகுபடுத்துகிறேன் என்று எண் உள்ள அந்தத் தளத்தை உப்புத்தாளால் தேய்ப்பவர்களைப் பார்த்தால். பழைய வண்டி கைக்கு வந்தால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் துடையுங்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் போதும், கோடுகள் தெரியும்.