மங்குப் பாலும் செயற்கை நுண்ணறிவும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நம் முன்னோர் மரம் வெட்டி, மங்கில் சேர்ந்த பாலைக் கொட்டகைக்குக் கொணர்ந்ததும், அதில் ஃபார்மிக் அமிலம் கலக்கப்படும், பால் உறையும். காரணம் யாது? பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள்களைப் புரதமும் கொழுப்புப்பொருளும் போர்த்தியுள்ளன. அப்போர்வையின் எதிர்மின்னூட்டம் துகள்களை விலக்கி நிறுத்துகிறது. அமிலம் அம்மின்னூட்டத்தைச் சமன்செய்யவே, துகள்கள் ஒன்றுகூடுகின்றன.

ஒரு புரதத்தின் முப்பரிமாண வடிவை அறிய முன்பு ஆண்டுகள் பல ஆனதுண்டு. 2020இல் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஃபோல்டு 2 என்னும் செயற்கை நுண்ணறிவு, அமினோ அமில வரிசையைக் கொண்டே அவ்வடிவை நுட்பமாகக் கணித்தது. அதனை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும் 2024ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதியைப் பகிர்ந்துகொண்டனர்.

எனினும், ஆய்வுக்கூடங்களில் மனிதர் பல்லாண்டுகள் அளந்து பதிந்துவைத்த வடிவங்களிலிருந்தே அது கற்றது. பதியப்படாதவற்றை அதற்குக் கற்பிக்க இயலாது. மழை பெய்தால் பால் என்னவாகும், எம்மரத்துப் பால் விரைந்து உறையும் என்பவற்றைப் பால்மரம் வெட்டியோர் கையறிவாலே அறிந்திருந்தனர். அவ்வறிவுடையோர் இன்று முதியோராயினர். மாணவர்கள் தம் பாட்டி தாத்தாவிடம் அவற்றைக் கேட்டெழுதி, ஆசிரியர் துணையுடன் ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பதிவுசெய்தல் வேண்டும்.