வெளியீடு நெருங்கும்போது புதிய கிராபிக்ஸ் டிரைவரை லினக்ஸ் ஏற்க மறுப்பது ஏன்?

புனே: புதிதாக வாங்கிய கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியதும் திரை கருமையாக நின்றுவிடுவது பயனர்கள் சிலருக்கு நேரும் அனுபவம். கிராபிக்ஸ் அட்டைக்கான புதிய டிரைவர் ஏற்கெனவே வெளிவந்திருக்க, அண்மையில் வெளியான லினக்ஸ் பதிப்பில் பழைய டிரைவர் இடம்பெறுவது ஏன் என்ற கேள்வி அப்போது எழுகிறது.

இக்கேள்வி இந்தியப் பயனர்களுக்கும் நெருக்கமானது. புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், தனது சென்னை மையத்தின் மூலம் 'பாஸ்' லினக்ஸை உருவாக்கி, 2007-ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வருகிறது. தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளிலும் விண்டோஸுடன் பாஸ் இடம்பெற்றிருந்தது. இது டெபியன் லினக்ஸை அடித்தளமாகக் கொண்டது. ஆகவே, எந்த டிரைவர் வேண்டும் என்று டெபியன் எடுக்கும் முடிவு, பாஸ் பயன்படுத்தும் பள்ளிக்கும் அலுவலகத்திற்கும் வந்து சேர்கிறது.

டிரைவர் ஒரே கோப்பு அன்று

லினக்ஸில் கிராபிக்ஸ் டிரைவர் பல அடுக்குகளைக் கொண்டது. ஒரு பகுதி கெர்னலில் உள்ளது. அட்டைக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் மற்றொன்று. முப்பரிமாணக் காட்சிகளை வரையும் 'மெசா' நூலகம் அடுத்தது. இவற்றின் மேல் திரைச் சாளரங்களை நிர்வகிக்கும் மென்பொருள் இயங்குகிறது. ஓர் அடுக்கை மாற்றினால் மற்றவை அதனுடன் பொருந்துகின்றனவா என்று மீண்டும் சோதிக்க வேண்டும்.

உரைத் தொகுப்பி பழுதானால் அது மட்டுமே நிற்கும். கிராபிக்ஸ் டிரைவர் பழுதானால் திரையே மறைகிறது. பழுதைச் சரிசெய்யும் வழியைக்கூட சாதாரணப் பயனரால் காண இயலாது. மேலும், சந்தையில் உள்ள அனைத்து அட்டைகளையும் எந்தவொரு சோதனைக் கூடமும் வைத்திருக்க முடியாது. பலரும் பல வாரங்கள் பயன்படுத்திய பின்னரே குறைகள் வெளிப்படும்.

முடக்கக் காலம்

இதனால் வெளியீட்டிற்குச் சில மாதங்கள் முன்பே 'முடக்கக் காலம்' தொடங்குகிறது. 2025 ஆகஸ்ட் 9-ஆம் தேதி வெளியான டெபியன் 13 இதற்கு எடுத்துக்காட்டு. அதன் முதற்கட்ட முடக்கம் மார்ச் 15-இல் தொடங்கியது. ஏப்ரல் 15-க்குப் பின் சிறிய, குறிப்பிட்ட திருத்தங்களுக்கு மட்டுமே இடமிருந்தது. மே 15-இல் கட்டுப்பாடு மேலும் இறுகியது.

இதற்கிடையே, மே மாதத் தொடக்கத்தில் மெசா 25.1 வெளியானது. எனினும், டெபியன் 13-இல் இடம்பெற்றது மெசா 25.0.7 பதிப்பாகும். அதாவது, புதிய வசதிகளைக் கொண்ட தொடர் தவிர்க்கப்பட்டு, பழைய தொடரின் பிழைத்திருத்தங்கள் மட்டும் ஏற்கப்பட்டன.

2010 தந்த பாடம்

இந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. 2010 ஏப்ரலில் உபுண்டு 10.04 வெளியாகச் சில நாட்களே இருந்தபோது, திரையை இயக்கும் எக்ஸ் சர்வரில் நினைவகக் கசிவு கண்டறியப்பட்டது. கணினி இயங்க இயங்க, நினைவகம் நிரம்பிக்கொண்டே சென்றது. புதிய பதிப்பிலிருந்து எடுத்துப் பழைய பதிப்பில் சேர்க்கப்பட்ட கிராபிக்ஸ் வசதியே இதற்குக் காரணம். அது நீக்கப்பட்ட பின், ஏப்ரல் 29-இல் உபுண்டு வெளியானது.

பயனர் செய்ய வேண்டியவை

இந்த நடைமுறைக்கு ஒரு விலையும் உண்டு. முடக்கத்திற்குப் பின் சந்தைக்கு வரும் அட்டைகள் முழுமையாக இயங்காமல் போகலாம். இதற்கெனத் தனி வழிகள் உள்ளன. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்குப் புதிய கெர்னலும் கிராபிக்ஸ் தொகுப்பும் பின்னர் வழங்கப்படுகின்றன. டெபியனில் 'பேக்போர்ட்ஸ்' களஞ்சியம் உள்ளது. விரும்புவோர் மட்டும் அதிலிருந்து புதிய கெர்னலைப் பெறலாம்.

லினக்ஸை நிறுவும் முன் யுஎஸ்பி மூலம் 'லைவ்' முறையில் இயக்கிப் பார்ப்பது நல்லது. கெர்னலைப் புதுப்பித்த பின்னும் பழைய கெர்னலை நீக்காமல் வைத்திருந்தால், திரை மறையும்போது தொடக்கப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்து மீளலாம். மொத்தமாகக் கணினி வாங்கும் பள்ளிகளும் அலுவலகங்களும், நிறுவவுள்ள லினக்ஸின் முடக்கத் தேதிக்கு முன்பே சந்தைக்கு வந்த கிராபிக்ஸ் அட்டைகளைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பானது.