‘ஏனுங்க... இந்த சைக்கிள் என்னையத் தாங்குங்களா?’

சைக்கிள் கடைக்குள் நுழையும் 100 கிலோ ஆள் இந்தக் கேள்வியை மெதுவான குரலில்தான் கேட்பார். “அதெல்லாம் தாங்குமுங்க” என்று கடைக்காரர் சட்டென்று சொல்லிவிடுவார். டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னதால் ஆசையாக வாங்கிய மவுன்டன் பைக், மூன்றாவது மாதத்தில் சிங்காநல்லூர் பக்கமோ பேரூர் ரோட்டிலோ ‘டிங்’ என்று சத்தம் போடும். பின்சக்கரத்தில் ஒரு கம்பி போயிருக்கும். அடுத்த வாரம் இரண்டு. அதன்பின் வண்டி மாடிப்படிக்கு அடியில் துணி காயப்போடும் ஸ்டாண்டாக மாறிவிடும். பணம் போனதுகூடப் பெரிதல்ல. ‘நமக்கு சைக்கிள் எல்லாம் ஒத்துவராது’ என்று அவர் முடிவு கட்டிவிடுவதுதான் நஷ்டம்.

குற்றம் உடம்பின் மேல் இல்லை. கொங்கு நாட்டு ஊர்களில் இரண்டு பக்கமும் பால் கேன், பின்னால் தீவன மூட்டை, மேலே ஓர் ஆள் என்று கறுப்பு சைக்கிள்கள் வருஷக்கணக்காக ஓடியிருக்கின்றன. 1949-இல் தொடங்கிய சென்னை டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் போன்ற அந்தக் காலத்து வண்டிகளில் கம்பிகளை எண்ணிப் பார்த்தால் ரகசியம் புரியும். முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40. பாரம் பின்னால்தான் அதிகம் விழும் என்று தெரிந்து செய்த கணக்கு அது.

மவுன்டன் பைக்கும் அப்படி ஒரு முரட்டு வண்டியிலிருந்து பிறந்ததுதான். 1970-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சில இளைஞர்கள், தடித்த டயர் போட்ட பழைய இரும்பு சைக்கிள்களை மலைமேல் தள்ளிக்கொண்டு போய் மண் பாதையில் இறக்கினார்கள். இன்று கடையில் அந்தப் பெயரில் நிற்கும் விலை குறைந்த வண்டிகள் பலவற்றில், அந்தத் தோற்றம்தான் மிச்சம்.

எனவே, ஃப்ரேமின் பெயின்டைப் பார்ப்பதற்கு முன் பின்சக்கரத்தைப் பாருங்கள். சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது, ஒவ்வொரு கம்பியும் தரைக்கு நேராக வருகையில் கொஞ்சம் தளர்ந்து, பிறகு இறுகுகிறது. 27.5 இன்ச் சக்கரம் 10 கிலோமீட்டர் ஓடினால் 4,500 முறைக்கு மேல் இது நடக்கும். எடை கூடினால் தளர்வும் கூடும். ஏற்கெனவே லூசாகக் கட்டிய சக்கரம் என்றால், கம்பி ஹப்பில் வளைந்து மாட்டியிருக்கும் இடத்தில் அசதி தட்டி ஒடியும். இரட்டைச் சுவர் ரிம், குறைந்தது 32 கம்பி, கிடைத்தால் 36. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

வண்டி வாங்கி 100, 200 கிலோமீட்டர் ஓட்டியதும் நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்துக் கம்பிகளை ஒரே சீராக இறுக்கி பெண்ட் எடுத்துவிடுங்கள். செலவு சொற்பம். ஆனால், பாதிப் பேர் இதைச் செய்வதில்லை.

அடுத்தது, பலரும் கேள்வியே கேட்காத பின் ஹப். விலை குறைந்த கியர் சைக்கிள்களில் பல்சக்கரத்தை ஹப்பின் மேல் மரையில் திருகியிருப்பார்கள். இதில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சின் நீண்ட பகுதி ஆதரவில்லாமல் நிற்கும். கனமான ஆள் குழியில் இறக்கினால் அச்சு வளையும், சில நேரம் முறியும். ‘கேசட்’ வகையில் பேரிங் வெளி ஓரம் வரை வந்துவிடுவதால் அந்தத் தொல்லை மிகக் குறைவு. “பின்னாடி ஃப்ரீவீலா, கேசட்டா?” என்று கேட்டுப் பாருங்கள், கடைக்காரரே உங்களை வேறு மாதிரி பார்ப்பார்.

ஷாக் அப்சார்பர் மோகம் இன்னொரு கதை. மலிவு ஃபோர்க்கின் ஸ்பிரிங் சராசரி எடைக்காகச் செய்தது. 110 கிலோ ஆள் ஏறி உட்கார்ந்த உடனேயே அது பாதி அமுங்கிவிடும். மிதிக்கிற சக்தியில் ஒரு பங்கு ஸ்பிரிங்கை ஆட்டவே போகும். நடுவிலும் ஸ்பிரிங் வைத்த ‘டபுள் ஷாக்கர்’ மலிவு மாடல்களைக் கண்டால் நகர்ந்துவிடுவதே நல்லது. ஆபீஸுக்கும் கடைவீதிக்கும் போகிறவருக்கு ஸ்பிரிங் இல்லாத இரும்பு ஃபோர்க்கும், 2 இன்ச்சுக்குக் குறையாத டயரும் போதும். குழாய் பதிக்கத் தோண்டி மூடிய ரோட்டை அந்த டயரே பார்த்துக்கொள்ளும்.

தாங்கும் எடையை நிறுவனமே கையேட்டில் சொல்லியிருக்கும். ட்ரெக் தன் மவுன்டன் பைக்குகள் பலவற்றுக்கு 136 கிலோ என்கிறது. ஆனால், அது ஓட்டுபவர், வண்டி, சுமை மூன்றும் சேர்ந்தது. 105 கிலோ ஆள், 16 கிலோ வண்டி, லேப்டாப்பும் டிஃபன் பாக்ஸுமாக 6 கிலோ பை என்றால் இப்போதே 127. வழியில் 10 கிலோ அரிசி வாங்கினால் எல்லை தாண்டிவிடும். சில நிறுவனங்கள் ஓட்டுபவர் எடையை மட்டும் சொல்லும். எது என்று படித்துப் பார்த்தே பணம் கட்டுங்கள். எல்லை தாண்டி உடைந்தால் வாரன்டி பேச முடியாது.

அலுமினியமா, இரும்பா? நன்றாகச் செய்தால் இரண்டும் தாங்கும். ஆனால், தெருவுக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிற கோவையில் ஓர் ஆபத்து உண்டு. அலுமினிய ஃப்ரேமில் விரிசல் விட்டால், “வெல்டு வெச்சுக்கலாமுங்க” என்பார்கள். சைக்கிளுக்குப் பயன்படும் அலுமினியக் கலவைகள் பலவும் வெல்டு வைத்த பின் முறையாகச் சூடேற்றிப் பதப்படுத்தாவிட்டால் பழைய பலத்துக்கு வராது. அந்த ஃப்ரேமைக் கழித்துக் கட்டுவதே உயிருக்கு நல்லது. இரும்பு ஃப்ரேம் பெரும்பாலும் வளைந்து எச்சரிக்கும், ஒட்டவும் எளிது.

பிரேக்கைப் பற்றி இவ்வளவு போதும்: எடை கூடக்கூட நிறுத்தவேண்டிய வேகத்தின் சக்தியும் அதே அளவு கூடும். மருதமலை இறக்கம் மாதிரி ஏதாவது உங்கள் வழியில் இருந்தால் டிஸ்க் பிரேக் வாங்குங்கள். பிளாஸ்டிக் பெடலைக் கடையிலேயே மாற்றச் சொல்லுங்கள். சீட் கம்பியில் போட்டிருக்கும் கோட்டுக்கு மேல் உயர்த்தாதீர்கள்.

காற்றை வாரம் ஒருமுறை பார்க்கவேண்டும். குறைந்த காற்றோடு கனமான ஆள் குழியில் இறங்கினால் ரிம்முக்கும் குழி விளிம்புக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாமல், அதை ஒட்டிய அளவுக்கு அடித்துக்கொள்ளுங்கள். தோட்டத்துச் சாலையில் போகிறவர்கள் தடித்த டயர் லைனர் ஒன்றையும் உள்ளே போட்டுக்கொள்வது நல்லது. நெருஞ்சி முள்ளுக்கு ஆங்கிலத்திலேயே ‘பஞ்சர் கொடி’ என்றுதான் பெயர்.