நெருப்பில் காயும் தப்பு, கயிற்றில் இறுகும் உடுக்கு

மாசி அமாவாசை கழிந்து இலங்கை மலையகத்தின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் காமன் கூத்து தொடங்கும்போது, ஆட்டக்களத்தின் ஓரத்தில் ஒரு நெருப்பு எரிந்துகொண்டிருக்கும். தப்புக் காய்ச்சுவதற்கென்று மூட்டியது. குளிருக்கு இதமாக அதில் கையை நீட்டுகிறவர்களையும் யாரும் விரட்டுவதில்லை.

தப்பு பார்க்க எளிமையான கருவி. வளைவாகச் செதுக்கிய மூன்று மரத்துண்டுகளை இரும்புப் பட்டைகளால் இணைத்து ஒரு வட்டச் சட்டம் செய்வார்கள். புளியங்கொட்டைப் பசை தடவி, அதன்மேல் மாட்டுத்தோலை இழுத்து ஒட்டினால் தப்பு ஆயிற்று. வாரும் இல்லை, கயிறும் இல்லை, முறுக்கி இறுக்க ஆணியும் இல்லை. சிக்கல் அங்கேதான். தோல் ஈரத்தைக் குடிக்கும்; குடித்தால் நெகிழும்; நெகிழ்ந்த தோலில் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஓசை எழும்பாது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் மழைக்கும் மூடுபனிக்கும் பஞ்சமா? அனலில் காட்டியதும் தோலிலுள்ள நீர் வெளியேறுகிறது, தோல் சுருங்குகிறது, சட்டத்தை எல்லாப் பக்கமிருந்தும் உள்நோக்கி இழுக்கிறது. அந்த இழுவையைத் தாங்கி நிற்பதே மரத்தின் வேலை. நன்றாகக் காயாத மரமென்றால் சட்டமே கோணிப் போகும். காய்ச்சுகிறவருக்கும் பதம் தெரிய வேண்டும். சூடு மிஞ்சினால் தோல் கிழியும்.

இதே சிக்கலுக்கு உடுக்கு வேறு வழி கண்டிருக்கிறது. குறிசொல்லும் கோடாங்கியின் கையிலும், மாரியம்மன் திருவிழாவில் கரகம் பாலிக்கும் இடத்திலும் ஒலிக்கிற இந்தச் சிறு கருவிக்கு இரண்டு முகங்கள், நடுவே ஒடுங்கிய இடை. பலா போன்ற மரத்தைக் குடைந்தோ, பித்தளையிலோ உடலைச் செய்வார்கள். மெல்லிய தோல் போர்த்திய இரு வளையங்களை இருபுறமும் வைத்து, நூல்கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டுவார்கள்.

அந்த ஒடுங்கிய இடை அழகுக்கு வந்தது என்று பலர் நினைப்பதுண்டு. ஆனால் உடல் நேரான குழாயாக இருந்தால் கயிறு மரத்தோடு ஒட்டிக் கிடக்கும். அதை அமுக்க இடமே இருக்காது. இடை ஒடுங்கியிருப்பதால் கயிறுகள் அங்கே மரத்தைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கின்றன. கை அவற்றை உள்ளே அமுக்கினால் இரு முகங்களின் தோலும் ஒருசேர இறுகிச் சுருதி ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. உடுக்கு ‘பேசுவது’ இப்படித்தான்.

இதில் கணக்கும் உண்டு. தோலின் சுருதி அதன் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஏறும். சுருதி ஒரு ஸ்தாயி உயர வேண்டுமானால் இழுவிசை நான்கு மடங்காக வேண்டும். கை கொஞ்சம் அமுக்கினாலே காது கண்டுகொள்ளும். ஆனால் மேலே போகப்போகக் கை சீக்கிரம் களைத்துவிடும்.

இன்னொரு நூலும் உண்டு, கண்ணில் எளிதில் படாதது. ஒரு முகத்தின் குறுக்கே குதிரைமயிரோ நரம்போ கட்டியிருப்பார்கள். தோல் அதிரும்போது அது தோலில் மோதி மோதித் துள்ளுகிறது; உடுக்கொலியில் கேட்கிற அந்த ‘ஜிர்’ரென்ற கரகரப்பு அதிலிருந்து வருவது. பாண்டு வாத்தியக்காரர்களின் பக்க மேளத்தில் அடித்தோலின் குறுக்கே கட்டிய கம்பிகள் செய்வதும் இதே வேலையைத்தான்.

உடுக்கின் உறவுக்காரர் ஒருவர் அதே மலையில் இருக்கிறார். கண்டி நடன மரபின் உடெக்கி, அரக்கு வண்ணம் பூசிய மரத்தாலானது. ஆடுகிறவரே அதைப் பிடித்துக்கொண்டு பாடி, ஒரு கையால் கயிற்றை அமுக்கி மறு கையால் அடிப்பார். தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்தின் உடுக்கும் கண்டியின் உடெக்கியும் இவ்வளவு அருகருகே ஒலித்தும் சேர்த்துப் பேசப்படுவது குறைவு. கேரளத்து இடைக்கா இன்னும் ஒரு படி மேலே போய், கயிற்றழுத்தத்தாலேயே ராகத்தின் சாயலைக் காட்டிவிடும். ஜப்பானின் ட்சுசுமி, நைஜீரிய யொரூபா மக்களின் துந்துன் ஆகியவையும் இடை ஒடுங்கிய, கயிறு கட்டிய கருவிகள்தாம்.

தப்பால் இப்படிக் குழைய முடியாது. அதன் பலம் தூரம். அகன்ற தோலில் இரண்டு குச்சிகள் விழும்போது எழும் ஓசை மலைச்சரிவு தாண்டிக் கேட்கும். அதனால்தான் விடியுமுன் தொழிலாளரை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்கு அழைக்கத் தோட்ட நிர்வாகமும் அதைப் பயன்படுத்தியது. வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் வெளியிட்ட தேயிலைத் தோட்டக் கவிதையிலும் விடியலைத் திடுக்கிட வைப்பது முரசொலிதான். சாமிக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, பெரட்டுக்கு ஓர் அடி: கேட்ட மாத்திரத்தில் எதற்கென்று லயத்தில் தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் இப்போது இரும்பு வளையத்தில் ஃபைபர் தாள் பொருத்திய பறைகள் பெருகியிருக்கின்றன. ஃபைபர் ஈரம் குடிக்காது, நெருப்பும் கேட்காது; மழையில் நனைந்தபடியே அடிக்கலாம். தோலின் கனத்த ஓசைக்குப் பழகிய காதுகளுக்கு அது சற்றுக் கூச்சலாகவே கேட்கும். உடுக்கிலும் பித்தளை உடல் மரத்தின் இடத்தைப் பெருமளவு பிடித்துவிட்டது. ஆனால் பித்தளை உடுக்கையும் பேச வைக்க, கயிற்றைக் கையால் அமுக்கத்தான் வேண்டியிருக்கிறது.