இதய நோயாளிகளும் கொரோனா காலமும்: வீட்டில் நாம் கவனிக்க வேண்டியவை

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது இதய நோயாளிகளை இரண்டு அச்சங்கள் பிடித்துக்கொண்டன. மருத்துவமனைக்குப் போனால் கொரோனா தொற்றிவிடுமோ என்பது ஒன்று. போகாவிட்டால் இதயம் என்னாகுமோ என்பது மற்றொன்று. பலரும் முதல் அச்சத்துக்கே பணிந்தார்கள். இது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. இத்தாலியில் அதே மார்ச் மாதத்தின் ஒரு வாரத்தில் மாரடைப்புக்காக இதயப் பிரிவில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை, 2019-இன் அதே வாரத்தைவிட ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நோய் குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. வந்து சேர்ந்தவர்களிடையே இறப்பு விகிதம் கூடியிருந்தது. அதாவது, தாமதமாக வந்தார்கள்.

எனவே வீட்டுப் பராமரிப்பு என்று நாம் சொல்வது மருத்துவமனையைத் தவிர்ப்பதை அல்ல. எப்போது போக வேண்டும் என்று அறிந்து வைத்திருப்பதும் அதில் அடக்கம். நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை இருந்தால் 108-ஐ அழைக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் அசதியுமாக மட்டும்கூட மாரடைப்பு வரலாம். "வாயுத் தொல்லைதான்" என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது.

அடுத்தது மாத்திரைகள். டெல்மிசார்டான், ராமிப்ரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகள் கொரோனாவைத் தீவிரமாக்கும் என்ற பேச்சு 2020-இன் தொடக்கத்தில் வேகமாகப் பரவியது. அவற்றை நிறுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய இதயவியல் கழகம் மார்ச் மாதமே அறிவித்தது. பின்னர் பிரேசிலில் நடந்த ஆய்வில், மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு எந்தப் பலனும் கிடைக்கவில்லை என்றும் தெரியவந்தது. ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் ஆகியவற்றைத் தாமாக நிறுத்துவது இன்னும் ஆபத்து. ஸ்டென்ட்டுக்குள்ளேயே இரத்தம் உறைந்துவிடலாம். கடை மூடியிருந்ததால் நான்கு நாள் விட்டுப்போயிற்று என்ற நிலை வராமலிருக்க, ஒரு மாத மருந்தாவது கையிருப்பில் இருக்கட்டும்.

இதயம் பலவீனமானவர்களுக்குத் தினசரி எடை பார்ப்பதைவிட எளிய கண்காணிப்பு இல்லை. காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுவதற்கு முன், எடையைக் குறித்து வையுங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் அது சதையல்ல, உடலில் தேங்கும் நீர். கால் வீக்கமும், படுத்தால் மூச்சு முட்டுவதும் அதன் பின்னால் வரும். அந்தக் கட்டம் வரை காத்திராமல் மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். ஊறுகாய், கருவாடு, அப்பளம் மூன்றுமே உப்பு மூட்டைகள்.

கஷாயம் பற்றியும் சொல்ல வேண்டும். எதிர்ப்பு சக்திக்கு என்று பல வீடுகளில் தினமும் காய்ச்சிய கஷாயங்களில் அதிமதுரம் சேர்ந்திருந்தது. அதைத் தொடர்ந்து குடித்தால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். இதய நோயாளிக்கு இரண்டுமே ஆகாது. காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் பாராசிட்டமால் போதும். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்றவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கிவிடும்.

2020-இல் ரமளானும் ஊரடங்குக்குள்ளேயே வந்தது. நோயாளிகளுக்கு நோன்பைப் பிறகு நோற்கும் சலுகை மார்க்கத்தில் இருந்தும், பெரியவர்கள் பலர் அதை ஏற்க மனமில்லாமல் இருப்பதை நாம் அறிவோம். நோற்கலாமா என்பதை ஷஅபான் மாதத்திலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது. ஒரு நாளைக்கு இரு வேளை மருந்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் பிரித்துவிடலாம். மூன்று வேளை மருந்தை அப்படி நாமாகப் பிரிக்க முடியாது. நீர் போக்கும் மாத்திரை சாப்பிடுபவர் பகல் முழுதும் தண்ணீரின்றி இருந்தால் அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம். பிறகு இஃப்தாரில் உப்புக் கஞ்சியும் வடையும் தண்ணீருமாக ஒரேயடியாக உள்ளே போகும்போது மூச்சு முட்டும்.

தடுப்பூசி விஷயத்தில், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தயங்குகிறார்கள். மாத்திரையை நிறுத்தாமலே போட்டுக்கொள்ளலாம். போடுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடமாவது அழுத்திப் பிடித்தால் போதும்.